தண்ணீர் வரும் என்றால் அறிவிப்பு, வரவில்லை என்றால் செய்தி

ஆறேழு வருடங்களுக்கு முன், மதுரைக்கு வெளியே கண்மாய்க்கரை ஓரத் தெரு ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இயங்கிய ஒரு சமுதாய வானொலிக்கு வாரம் அரை மணி நேரம் பெண்கள் நிகழ்ச்சி செய்துகொடுக்கும் வேலை. சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். அன்றைய தலைப்பு சிறுதானிய உணவு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டிக்கொண்டே பேசினார்கள். கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் அறுபதைத் தாண்டிய ஓர் அப்பத்தா குறுக்கிட்டார்.

"கம்பு கெடக்கட்டும் தாயி. கூழு காய்ச்சத் தண்ணி வேணும்ல? கொழாயில தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. அதப் பதிவு பண்ணு."

பதிவு செய்தேன். அடுத்த ஏழு நிமிடம் அந்தத் தெரு பேசியது. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை, யார் வீட்டில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சுகிறார்கள், மனு எழுதிக்கொண்டு போனால் யார் எத்தனை தடவை அலையவிடுகிறார்கள், ஒரு குடம் தண்ணீர் என்ன விலை. யாரும் அழவில்லை. கணக்குச் சொன்னார்கள்.

நிலையத்தில் அந்த ஏழு நிமிடத்தையும் பொறுப்பாளர் தம்பி கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "சூப்பரா இருக்குக்கா. ஆனா போட முடியாது. இது நியூஸ். நியூஸ் போட்டா லைசென்ஸ் போயிரும்."

அவர் கெட்டவர் அல்ல. விதியைப் படித்தவர். கம்பங்கூழ்ப் பகுதி மட்டும் ஒலிபரப்பானது. அடுத்த வாரம் நான் போனபோது அப்பத்தா சிரித்தார். "கேட்டேன் தாயி. கூழு வந்துச்சு, தண்ணி வரல."

இந்தக் கட்டுரை அந்த வெட்டப்பட்ட ஏழு நிமிடத்துக்காக. இந்த நாட்டில் பெண்ணுக்கு மைக் தருகிறார்கள். கம்பங்கூழ் பற்றி, கர்ப்பகால உணவு பற்றி, கைவேலை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தன் தெருவில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது. இது ஏதோ ஒரு நிலையத்தின் பயம் அல்ல. மதுரைச் சீமைக்கு வானொலி வந்த நாளிலிருந்து பெண்ணின் குரலுக்குப் போட்டிருக்கும் வேலியின் கடைசிக் கம்பி இது.

வானொலி வரலாறு என்று எழுதப்படுவதை எடுத்துப் பாருங்கள். 1938 ஜூன் 16 சென்னை நிலையம். 1939 மே 16 திருச்சி. 1963 திருநெல்வேலி. 1987 மதுரை. தொண்ணூறுகளில் கோடைக்கானல் மலையிலிருந்து 100.5 பண்பலை, மலையடிவாரம் தொடங்கி மதுரைச் சமவெளி வரைக்கும். கூடவே எத்தனை கிலோவாட், எந்த அமைச்சர் திறந்தார், எந்த வித்துவான் முதலில் பாடினார். கோபுரம் எழும்பிய கதை எல்லாம் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து கேட்டவள் அதில் எங்கே?

எங்கள் வீடு சோழவந்தான் பக்கம். வைகைப் பாசனம், நெல், வெற்றிலைக் கொடிக்கால். ரேடியோ கூடத்துச் சுவரில், ஆண்களின் கைக்கு எட்டும் உயரத்தில் பலகை அடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பூவேலை செய்த உறை தைத்தவர் அம்மா. தினமும் தூசி தட்டியவர் அம்மா. ஆனால் திருகைத் தொடும் உரிமை அப்பாவுக்கும் அண்ணனுக்கும்தான். தபால் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கும் ரேடியோ லைசென்ஸ் எண்பதுகள் வரை இருந்தது. அதிலும் அப்பாவின் பெயர். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஓடும்போது அப்பா ஸ்டேஷனை மாற்றினால், அடுப்படியில் கரண்டிச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். அந்த வீட்டில் அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒலிபரப்பு அவ்வளவுதான்.

வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். மாலையில் ஆண்கள் மேடையில் உட்கார்ந்து கேட்பார்கள். பெண்கள் குடத்தோடு கடந்துபோகையில் காதில் விழுந்ததுதான் கணக்கு. மேடையில் சரிசமமாக உட்கார முடியாத தலித் மக்களுக்கு அதுவும் எட்ட நின்று. அகில இந்திய வானொலியின் குறிக்கோள் வாசகம் 'பகுஜன ஹிதாய, பகுஜன சுகாய'. பலரது நலனுக்காக, பலரது இன்பத்துக்காக. அந்தப் 'பலர்' யார் என்பதை ஊர்மேடையே பிரித்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இலங்கை வானொலிதான் சொந்தக்காரி மாதிரி. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டைத் துரத்திய பிறகு, சாதாரண சனம் கொழும்பு நோக்கி முள்ளைத் திருப்பியது. 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலை என் அக்கா தன் சிநேகிதியின் குரலைப் போல அடையாளம் சொல்லுவாள். ஆனால் நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதும்போது அண்ணன் பெயரைத்தான் போடுவாள். "ஊர்ப் பேரோட பொம்பளப் பிள்ள பேரு ரேடியோவுல வரலாமா?" என்று அப்பத்தா கேட்டதால். கடல் தாண்டி ஒரு பெண்குரல் எங்கள் வீட்டுக்குள் வரலாம். எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் வெறும் பெயராகக்கூட வெளியே போகக் கூடாது. அண்ணன் பெயர் வாசிக்கப்பட்டபோதெல்லாம் தலை குனிந்து சிரித்தவள் அக்காதான்.

அந்த இனிய இலங்கை வானொலியிலும் ராஜேஸ்வரி சண்முகம் நடத்திய மகளிர் நிகழ்ச்சியின் பெயர் 'பூவும் பொட்டும்'. அவர் குரலை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அந்தப் பெயர் யாரை வாசலில் நிறுத்துகிறது என்று பாருங்கள். பூவும் பொட்டும் பறிக்கப்பட்ட கைம்பெண்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் அரசு வானொலி இன்னும் நுணுக்கமாக வேலி போட்டது. 1966இல் அகில இந்திய வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியது. பெயரிலேயே கூறுபோட்டிருந்தார்கள். பண்ணை அவருக்கு, இல்லம் அவளுக்கு. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் உழவர் நிகழ்ச்சியில். ஊறுகாய், தையல், குழந்தை வளர்ப்பு எல்லாம் மகளிர் நிகழ்ச்சியில். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி ஊர் ஊராகச் சேர்த்ததில், சனங்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். வானொலிச் சாதனையாக இந்தக் கதையை இன்றும் பாடப்புத்தகங்களில் சொல்கிறார்கள். சரி, அந்த நெல்லை நட்டது யார்? களை எடுத்தது யார்? கதிர் அறுத்தது யார்? சோழவந்தான் வயலில் காலை ஏழு மணிக்கு இறங்கி இடுப்பொடிய நாற்று நட்ட என் சின்னம்மா, வானொலியின் கணக்கில் விவசாயி இல்லை. அவருக்கு மதியம் ஊறுகாய் போடச் சொல்லித்தந்தார்கள், அவர் வயலில் இருந்த நேரத்தில்.

யாருடைய குரல் காற்றில் போகலாம் என்பதற்கும் தொடக்கத்திலேயே ஒரு சல்லடை இருந்தது. சர்தார் படேல் தகவல் ஒலிபரப்புத் துறையைக் கையில் வைத்திருந்தபோது, தனிவாழ்க்கை ஊர்வாயில் அடிபடும் எவரையும் வானொலியில் பாட அழைக்கக் கூடாது என்று உத்தரவானது. வடக்கே அந்த உத்தரவு தவாயிஃப் மரபுப் பாடகிகள் தலையில் விழுந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த இசையைக் காப்பாற்றிக் கொடுத்த பெண்களை ஒழுக்கச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர்களிடம் போய்வந்த ஆண்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தது எங்கள் மதுரையில்தான். அவருடைய தாய் வீணை சண்முகவடிவு தேவதாசி மரபில் வந்த கலைஞர். மகளின் பெயர் தெரியாத வீடு கிடையாது. தாயின் பெயரை மதுரைக்காரர்களிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு குரல் காதுக்கு வருவதற்கு முன்பே அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று விசாரிக்கும் பழக்கம் நமக்குப் பழையது.

மதுரை நிலையத்துக்கு வருகிறேன். அது இருப்பது லேடி டோக் கல்லூரிச் சாலையில். 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய பெண்கள் கல்லூரியின் பெயர் தாங்கிய சாலை. அந்த நிலையத்தின் மீது எனக்குப் பகை இல்லை. வயல்காட்டுப் பாட்டும் கிராமத்துப் பேச்சும் மதுரை மொழியிலேயே காற்றில் வந்தபோது எங்களுக்கு ஒரு நிமிர்வு வந்தது உண்மை. சென்னைத் தமிழும் திருச்சித் தமிழும் கேட்ட காதுக்கு "வாங்கத்தா" என்ற குரல் நம்ம ஊர்க் குரல். ஆனால் அது திறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலையைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டது. உலகம் முழுக்க உசிலம்பட்டி என்ற பெயர் போனது. நிருபர்கள் வந்தார்கள், ஆய்வாளர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. எல்லோரும் அந்தப் பெண்களைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பெண்களின் முகத்தைப் படம் பிடித்தார்கள். கள்ளிப்பால் கொடுத்த கை என்று கையைப் படம் பிடித்தார்கள். வரதட்சணை எப்படி ஏறியது, நிலம் யார் பெயரில் இருந்தது, மூன்றாவது பெண் பிறந்தால் மாமியார் என்ன சொன்னார், புருசன் ஏன் வீட்டுக்கே வரவில்லை என்று அவர்களே தங்கள் வாயால், தங்கள் பேச்சில், தங்கள் பக்கத்து ஊருக்குச் சொல்ல ஓர் ஒலிவாங்கி தேவைப்பட்டது. அதே ஆண்டுகளில் மதுரையில் கோபுரம் எழும்பியது. அலை உசிலம்பட்டிவரை போனது. அங்கிருந்து திரும்பி வர வழி இல்லை. வானொலி என்றால் மேலிருந்து கீழே பேசுவது என்றே கட்டியிருந்தார்கள். பெண் குழந்தையைக் காப்போம் என்று அறிவுரை போகும். "யாரிடமிருந்து?" என்ற கேள்வி வராது.

நிலையங்களின் உள்ளே இருந்த பெண்களின் நிலை? அறிவிப்பாளர் என்றால் நமக்குக் கம்பீரம். சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து செய்தி வாசித்தால் கடிகாரத்தைச் சரிசெய்வோம். ஆனால் நாடு முழுக்க அரசு வானொலி நிலையங்கள் பெருமளவு நம்பி ஓடியது தற்காலிக அறிவிப்பாளர்களை. மாதத்துக்கு ஆறு நாள் வேலை, அதற்கு மேல் கிடையாது. ஆறு நாள் என்று வைத்தது, நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதில் பெண்கள் ஏராளம். பதினைந்து, இருபது வருடம் ஊரையே தட்டி எழுப்பிய குரலுக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது, பேறுகால விடுப்பு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. அதிகாலை ஒலிபரப்புக்கு இருட்டில் கிளம்பிப் போகும் பெண்ணைத் தெரு என்ன பேசியது என்று எனக்குத் தெரியும். என் தோழி ஒருத்தி அப்படிப் போனவள். "நல்ல குரல், ஆனா நேரங்கெட்ட நேரத்துல வேல" என்று அவளுக்கு வந்த வரன்கள் திரும்பிப் போயின. பெண்குரல் வேண்டும், அந்தக் குரலுக்குரிய பெண் வேண்டாம்.

அப்புறம் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் தனிச்சொத்து அல்ல, மக்களுடையது. வழக்கு எதற்காக வந்தது தெரியுமா? கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் நடந்த தகராறு. பாடம் தெளிவு: ஆண்களின் ஆட்டத்துக்குத்தான் ஆகாயமே திறக்கிறது. போகட்டும், திறந்ததே போதும் என்று உள்ளே நுழையப் பார்த்தோம்.

2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி அனுமதி வந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' நாட்டின் முதல் சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. நிபந்தனைகளைப் படியுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு பதிவுள்ள அமைப்பாக இருக்க வேண்டும். தனிமனிதர் விண்ணப்பிக்க முடியாது. 100 வாட் கதிர்வீச்சுத் திறன், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எல்லை. பூக்கட்டும் பத்துப் பெண்கள் சேர்ந்து எங்களுக்கு ஒரு வானொலி வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. ஒரு கல்லூரியோ அறக்கட்டளையோ உரிமம் வாங்கி, "வாங்கம்மா, பேசுங்க" என்று அழைக்க வேண்டும். பெயர் சமுதாய வானொலி. சமுதாயம் அதில் விருந்தாளி. தமிழ்நாட்டில் கணிசமான நிலையங்கள் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கின்றன. மதுரையிலும் சியாமளவாணி ஒரு கல்லூரியின் நிலையம்தான். களஞ்சியம் என்ற பெண்கள் இயக்கத்தை வளர்த்த தானம் அறக்கட்டளைக்குத் தலைமையகம் மதுரை. அதன் களஞ்சியம் சமுதாய வானொலி இருப்பது நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில். சுனாமி அடித்த கடற்கரைக்கு அது தேவைதான். நான் யாரையும் குறைசொல்லவில்லை. ஆனால் மதுரைச் சமவெளியின் உழைக்கும் பெண்கள் தங்களுடையது என்று கைநீட்டிக் காட்ட ஒரு கோபுரமும் இல்லை.

எல்லா நிபந்தனைகளுக்கும் மேலே அந்த ஒற்றை வரி: செய்தியும் நடப்பு விவகாரமும் அரசியல் தன்மையுள்ள எதுவும் ஒலிபரப்பக் கூடாது. பின்னால் ஒரு தளர்வு தந்தார்கள், ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம் என்று. கூடவே, எதையெல்லாம் செய்தி என்று கருத மாட்டோம் என ஒரு பட்டியல். விளையாட்டு, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு. மின்சாரம், குடிநீர் போன்றவை குறித்து உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு. கடைசியில் உள்ளதை இன்னொரு முறை படியுங்கள். நிர்வாகம் தரும் அறிவிப்பு. "நாளை காலை 6 மணிக்குத் தண்ணீர் வரும்" என்று அதிகாரி சொன்னால் அது அறிவிப்பு, சொல்லலாம். நாளை காலை 6 மணிக்குக் குழாயடியில் நிற்கும் பெண் "வரவில்லை" என்று சொன்னால் அது செய்தி, உரிமம் போகும். ஒரே குழாய், ஒரே நேரம். அதிகாரியின் வாய்க்கும் பெண்ணின் வாய்க்கும் நடுவில் சட்டம் கோடு கிழிக்கிறது.

தண்ணீர் ஓர் உதாரணம்தான். நூறு நாள் வேலைக்கு வந்த கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு. ரேஷனில் பருப்பு ஏன் இல்லை. நுண்கடன் வசூலுக்கு வந்தவன் வாசலில் நின்று என்ன சொன்னான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருந்தாரா. பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார். பெண்ணின் அன்றாடம் முழுக்க இந்த விதிப்படி 'நடப்பு விவகாரம்'. அவள் வாழ்க்கையைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பதை அவளைப் பேசச் சொல்கிறார்கள். மிச்சம் கம்பங்கூழ்தான்.

பேசவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இன்றைய தெலங்கானாவில், அன்றைய மேதக் மாவட்டத்து மச்சனூரில் தலித் பெண் விவசாயிகளின் சங்கங்கள், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியோடு சேர்ந்து, தொண்ணூறுகளின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியுடன் வானொலி நிலையத்தைக் கட்டிவிட்டார்கள். அனுமதி வரவில்லை. சுமார் பத்து வருடம் காத்திருந்தார்கள். சும்மா காத்திருக்கவில்லை. தங்கள் விதை, மண், கூலி, பாட்டு எல்லாவற்றையும் நாடாவில் பதிவுசெய்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது. கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் பூதிகோட்டையில், அலைவரிசை கிடைக்காதபோது 'நம்ம த்வனி' கேபிள் கம்பி வழியாக வீடுகளுக்குப் போனது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அதன் முதுகெலும்பு. படிப்பு இல்லை, தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்லப்பட்ட பெண்கள்தான் இதையெல்லாம் செய்தார்கள். அவர்களையும் அதே செய்தித்தடைதான் கட்டிப்போட்டிருக்கிறது.

எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறேன். முதலாவது, பாதுகாப்பு. உள்ளூர் வானொலியில் செய்தி வந்தால் சாதிக் கலவரம் மூளும், அதுவும் தென்மாவட்டங்களில், என்கிறார்கள். மேலவளவில் 1997இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டபோது எந்தச் சமுதாய வானொலி தூண்டியது? சமுதாய வானொலியே அன்று இந்த நாட்டில் இல்லை. இன்று சாதிப் பெருமை பேசும் காணொளிகள் கைக்குக் கை ஓடுகின்றன. திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கியில் ஆண்ட பரம்பரைப் பாட்டு. இருபத்து நான்கு மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிக்கு அனுமதி உண்டு. பத்திரிகைக்கும் உண்டு. பத்து கிலோமீட்டருக்குள் கேட்கும், முகவரி தெரிந்த, உரிமம் உள்ள, ஒலிப்பதிவைச் சேமித்து வைத்தாக வேண்டிய சின்ன வானொலி மட்டும் ஆபத்தா? தவறாகப் பேசினால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பேசுவதற்கு முன்பே வாயைக் கட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. வானொலிச் செய்தித் தடையை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு 2013இலேயே உச்ச நீதிமன்றம் போனது. தடை நீங்கியபாடில்லை.

இரண்டாவது, 2024இல் வந்த திருத்திய விதிகளைக் காட்டுகிறார்கள். நிலையத்தின் ஆலோசனை, நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக ஏற்றிய அதே விதிகள், செய்திக்கு ஒரு நிமிடம்கூடத் தரவில்லை. சோப்பு விற்கப் பன்னிரண்டு நிமிடம், சோப்பு போட்டுக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று சொல்ல நேரம் இல்லை. குழுவில் பாதி இடம் தந்து எதைத் தீர்மானிக்கச் சொல்கிறார்கள்? கேழ்வரகா, கம்பா என்றா?

மூன்றாவது நம் தோழிகளிடமிருந்தே வருகிறது. "இன்னும் ரேடியோவா? போன்தான் எல்லார் கையிலும் இருக்கே, யூடியூப்ல போடலாமே." நகரத்துப் பெண்ணியவாதியின் கேள்வி இது. எல்லார் கையிலும் போன் இல்லை தோழி. வீட்டுக்கு ஒரு போன், அது அவன் சட்டைப்பையில். ரீசார்ஜ் அவன் போட்டால்தான். காணொளியில் முகம் தெரியும். முகம் தெரிந்தால் மறுநாள் தெரு பேசும், கீழே கருத்து என்ற பெயரில் ஊர்பேர் தெரியாதவன் எல்லாம் வசைபாடுவான். பூக்கட்டும் பெண்ணுக்கும், களையெடுக்கும் பெண்ணுக்கும், தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கும், பீடி சுற்றுபவளுக்கும் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் அவளுடையது. உழைக்கும் பெண் வேலையை நிறுத்தாமல் கேட்கவும், முகம் காட்டாமல் பேசவும் இடம்தருவது வானொலிதான். எழுத்து வேண்டாம், காசு வேண்டாம். அதனால்தான் அதன் வாயை இவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரிச் சின்னப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். 2001இல் ஸ்ரீ சக்தி விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் புகைப்படத்தைத்தான் நாம் வைத்திருக்கிறோம். ஆனால் விவசாயக் கூலியான சின்னப்பிள்ளை, தலைவியானது விருதால் அல்ல. கூலி ஆட்களைத் திரட்டி, அவர்களுக்காக நிலக்காரர்களிடம் கூலி பேசிய வாயால். அந்தப் பேரம் அன்று நேரடியாக வானொலியில் ஒலித்திருந்தால் பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் கூலியைக் கணக்குப் போட்டிருப்பார்கள். இன்றைய விதிப்படி அதை ஒலிபரப்ப முடியுமா? காலைத் தொட்டதைச் சொல்லலாம், ஆகாசவாணி சொன்னால். கூலி பேசியதைச் சொல்ல முடியாது.

எனவே நான் கேட்பது மகளிர் நிகழ்ச்சிக்குக் கூடுதலாக அரை மணி நேரம் அல்ல. சமுதாய வானொலிகள் தங்கள் எல்லைக்குட்பட்ட உள்ளூர்ச் செய்தியைத் தாங்களே சேகரித்துச் சொல்லும் உரிமை வேண்டும். கல்லூரிக்கும் அறக்கட்டளைக்கும் பின்னால் நிற்காமல், மகளிர் குழுக்களின் கூட்டமைப்புகளும் உழைக்கும் பெண்களின் சங்கங்களும் நேரடியாக உரிமம் பெற வழி வேண்டும். அரசு வானொலியில் பல்லாண்டு குரல் கொடுத்த தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் வேண்டும். அலைவரிசை மக்களுடையது என்று 1995இல் சொன்னது சட்டம். மக்களில் நாங்களும் உண்டா என்று கேட்கிறோம், அவ்வளவுதான்.

அந்த ஏழு நிமிடப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். அப்பத்தா இல்லை, இறந்து இரண்டு வருடமாகிறது என்றார்கள். அவருடைய மருமகள் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். போனில் போட்டுக் காட்டினேன். மாமியாரின் குரல் கேட்டதும் கை நின்றது. முழுதாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது எந்த ரேடியோவுல வருதுக்கா?"

எதிலும் வரவில்லை என்றேன். பதினோரு நாள் இப்போது எத்தனை நாளானது என்று கேட்டேன். சொன்னார். அதையும் பதிவு செய்துகொண்டேன்.